விளக்கொளியும் விண்மீன்களும்

சம்பா அறுவடையான களத்தில் இரவுக்காவல் இருப்பவரும், மும்முனை மின்சாரம் வரும் வேளை நோக்கி நள்ளிரவில் மோட்டார்க் கொட்டகைக்குச் செல்பவரும், ஆகாயத்தை அண்ணாந்து பார்க்க நகரத்தாரினும் மிகுந்த வாய்ப்புடையவர்கள். ஆயினும் அவர்களுள் வயதில் மூத்தோரைக் கேட்டால், தம் இளமையில் கண்ட நட்சத்திரக் கூட்டம் இப்பொழுது அத்துணைத் தெளிவாய்த் தோன்றவில்லை என்றே பெரும்பாலும் விடை வரும். கண் மங்கியதே காரணம் என்று அவர்களே சமாதானமும் கூறிக்கொள்வர். முதுமையில் கண்ணொளி குறைவது உண்மையே. ஆனால் ஊருக்கு அணித்தான அதே களத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பேரனும் பாட்டனார் அந்நாளில் கண்டவற்றைக் காண்பதில்லையாதலால், குறை கண்ணில் மாத்திரம் இல்லை என்பது விளங்கும்.

எரு, விதை, பூச்சிநோய் முதலிய விஷயங்களுக்கு இது சற்றுப் புறம்பானதாய்த் தோன்றலாம். எனினும், சிற்றூர்களில் விளக்கை எங்கு நாட்டுவது, எப்பக்கம் திருப்புவது, எவ்வளவு நேரம் எரிப்பது என்பவற்றை முடிவு செய்வோர் நிலமுடையோரும் கிராம அதிகாரிகளுமே யாவர். ஆதலின் அவர்கள் இதன் காரண காரியங்களை அறிந்திருத்தல் அவசியம்.

நட்சத்திரங்கள் எங்கும் போய்விடவில்லை. பகலிலும் அவை ஆகாயத்தில் இருக்கவே செய்கின்றன. சூரியனது ஒளி காற்றில் சிதறி வானம் முழுவதையும் பிரகாசிக்கச் செய்வதால் அவை நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இரவில் நாம் ஏற்றும் விளக்குகள் இதே காரியத்தைச் சிறிய அளவில் செய்கின்றன. விளக்கிலிருந்து மேல்நோக்கியும் பக்கவாட்டிலும் செல்லும் ஒளி, காற்றின் அணுக்களிலும், தூசியிலும், புகையிலும், நீராவித் திவலைகளிலும் பட்டுச் சிதறி, ஒரு பகுதி மீண்டும் பூமியை நோக்கித் திரும்புகிறது. இவ்வாறு திரும்பும் ஒளியே ஊருக்கு மேல் வெளிறிய திரைபோல் கவிந்து நிற்பது. கறுங்கம்பளியின்மேல் சிந்திய நொய்யரிசி ஒவ்வொன்றும் தனித்தனியே தெரியும். அவ்வரிசியையே வெள்ளை வேட்டியின்மேல் சிந்தினால் அருகிற் சென்று தடவித்தான் பார்க்கவேண்டும். அரிசி குறையவில்லை, விரிப்பின் நிறமே மாறியது.

எல்லா ஒளியும் ஒரே அளவாய்ச் சிதறுவதில்லை. நீலவொளி செவ்வொளியைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியாய்ச் சிதறும். பகல்வானம் நீலமாய்த் தோன்றுவதும் இதனாலேயே. முன்னாளில் தெருக்களில் எரிந்த மஞ்சள் நிறச் சோடிய விளக்குகளில் நீலத்தின் பங்கு சிறிது. அவற்றிற்குப் பதிலாய் வந்துள்ள வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளில் அது மிகுதி. இந்தியாவில் 2015ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தேசியத் தெருவிளக்குத் திட்டத்தின் மூலம் இவை விரைவாய்ப் பரவின. மின்செலவு குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் செலவு குறைந்ததைக் கண்டதும், ஒன்று இருந்த இடத்தில் மூன்று நாட்டும் ஆசையும் உடன் வந்து சேர்ந்தது.

கண்ணின் இயல்பையும் ஈண்டு அறிதல் வேண்டும். வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்தவரது கண் இருட்டுக்கு முற்றிலும் பழகுவதற்கு இருபது முதல் முப்பது நிமிடம் செல்லும். அவ்வாறு பழகிய கண்ணை ஒரு முறை விளக்கு உறுத்தினால் பழக்கம் கலைந்துபோகும். மறுபடியும் முதலிலிருந்து காத்திருத்தல் வேண்டும். கைப்பேசியின் திரையும் இதற்கு விலக்கன்று. வீட்டு வாயிலில் நின்று ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துவிட்டு, வானத்தில் ஒன்றுமில்லை என்று உள்ளே போய்விடுபவர் வானத்தைப் பார்த்தவராகார்.

மாசற்ற இருளில், நிலவில்லாத இரவில், நல்ல கண்ணுடையவருக்கு ஒரே வேளையில் ஏறக்குறைய 2,500 முதல் 3,000 வரை நட்சத்திரங்கள் தென்படும். பெருநகரத்தின் நடுவில் இத்தொகை நூறுக்கும் கீழே இறங்கிவிடும். எஞ்சி நிற்பவை அகத்தியர் நட்சத்திரம், திருவாதிரை, கேட்டை போன்ற பேரொளி வாய்ந்த சிலவே. முதலில் மறைவது ஆகாய கங்கை எனப்படும் பால்வீதி. அது எண்ணற்ற நட்சத்திரங்களின் ஒளி ஒன்று கலந்து தோன்றும் மெல்லிய வெண்பட்டை. ஆகையால் சிறு வெளிச்சத்தையும் தாங்காது. மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலை நான்கு மணிக்கு நீர் பாய்ச்சச் செல்பவர் தென்கிழக்கே நோக்கினால், விருச்சிகத்தின் வாற்பகுதியும் தனுசும் உள்ள இடத்தில் அப்பட்டை மிக அகன்றும் தடித்தும், இடையிடையே கருந்திட்டுகளுடன் கூடியும் தோன்றும். அக்கருந்திட்டுகள் வெற்றிடங்களல்ல, பின்னுள்ள நட்சத்திரங்களை மறைத்து நிற்கும் தூசிப்படலங்கள். இக்காட்சிக்கு ஈடாகச் சொல்லத்தக்கது பூமியில் யாதுமில்லை. இதைக் காணக் கருவியும் வேண்டா, கட்டணமும் வேண்டா.

கடிகாரம் அரிதாயிருந்த காலத்தில் குடியானவருக்கு வானமே கடிகாரமாயிருந்தது. எந்த நட்சத்திரம் உச்சிக்கு வந்துள்ளது என்பதைக்கொண்டு இரவின் நாழிகையைக் கணிக்கும் வாய்ப்பாடுகளை மனப்பாடமாய் வைத்திருந்தனர். வானத்தின் ஓட்டம் ஒரு மணிக்குப் பதினைந்து பாகை. கையை முற்றும் நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் ஏறத்தாழப் பத்துப் பாகை. ஆகவே கீழ்வானில் தென்னைமர உச்சிக்கு நேரே கண்ட ஒரு நட்சத்திரம் ஒரு முட்டி உயரம் ஏறியிருந்தால் நாற்பது நிமிடம் கழிந்ததென்று கொள்ளலாம். மேலும் ஒவ்வொரு நட்சத்திரமும் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் முன்னதாக உதிப்பதால், மாதத்திற்கு இரண்டு மணி நேரம் முந்திக்கொள்ளும். இன்ன பருவத்தில் இன்ன நட்சத்திரம் மாலையில் கிழக்கே எழும் என்ற அறிவு இதிலிருந்து பிறந்ததே. இன்று நீர்முறைக்கு வானத்தை நோக்குவாரில்லை. நோக்கவேண்டிய அவசியமும் இல்லை. அப்பயன் போனதைப்பற்றி வருந்துவது வீண். ஆனால் பயன் போனபின்னும் அழகு நின்றிருந்தது. இப்பொழுது போய்க்கொண்டிருப்பது அவ்வழகு.

திருமணத்தில் அருந்ததி காட்டும் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அது பகல் முகூர்த்தத்தில், பந்தலுக்கு வெளியே வந்து வெறும் வானத்தைச் சுட்டிக்காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. மெய்யாகவே பார்க்க விரும்பும் தம்பதிகள் வைகாசியின் பிற்பகுதியில் இரவு ஒன்பது மணிக்குமேல் வடவானத்தை நோக்கவேண்டும். சப்தரிஷி மண்டலத்தின் வால்போன்ற மூன்றில் நடுவிலிருப்பது வசிட்டர். அதை ஒட்டி மங்கலாய்த் தோன்றுவது அருந்ததி. வசிட்டரை ஊர் விளக்குகளுக்கு நடுவிலும் காணலாம். அருந்ததியோ வெளிச்சம் மிகுந்த ஊரில் மறைந்துவிடும். சடங்கு நிலைத்திருக்க, சடங்கிற்குரிய நட்சத்திரம் மறைவது விந்தையே.

நகரத்தில் இக்கேடு எவ்வளவு முற்றியது என்பதற்குச் சென்னை நுங்கம்பாக்கமே சான்று. அங்கு 1792ஆம் ஆண்டில் வானாராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பெற்றது. அங்கிருந்து கண்டு குறித்த 11,000-க்கு மேற்பட்ட நட்சத்திரங்களின் அட்டவணை 1844இல் வெளியாயிற்று. 1861இல் நார்மன் போக்சன் என்பவர் அங்கிருந்தே ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். அந்நிலையத்தில் உதவியாளராயிருந்த சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867இல், ஒளி கூடியும் குறைந்தும் மாறும் நட்சத்திரம் ஒன்றைத் தென்வானில் கண்டறிந்தார். 1899இல் அவ்வேலை கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டது. கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில், வானிலைத் துறையின் வளாகத்துள் நிற்கிறது. அதனருகில் இரவில் நின்று நோக்குபவர் அட்டவணையிலுள்ள 11,000-இல் ஐம்பதைக் கண்டால் அதிகம்.

நகரங்களை விட்டு விலகி, தென்வானமும் நன்கு தெரியும் இருளான இடம் தேடியபோது அகப்பட்டதே, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேலுள்ள காவலூர். சிறு தொலைநோக்கி ஒன்று 1968இலும், ஒரு மீட்டர் விட்டமுள்ளது 1972இலும் அங்கு அமைந்தன. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டென்பதற்கு 1977 மார்ச்சு மாதத்தில் கிடைத்த சான்றுகளுள் ஒரு பங்கு காவலூரிலிருந்து வந்தது. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெருந்தொலைநோக்கி 1986இல் திறக்கப்பெற்று, அந்நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்பு அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1988இல் அங்குக் கண்டுபிடித்த குறுங்கோள் ஒன்றுக்குக் கணிதமேதை இராமானுஜனின் பெயர் வழங்கப்பட்டது. இத்துணைப் பெருமைக்கும் அடிப்படை, கண்ணாடியும் இயந்திரமும் எவ்வளவோ, மலையைச் சூழ்ந்த இருளும் அவ்வளவே. ஆனால் இருளுக்கு வேலி கட்ட முடியாது. பெருநகரத்தின் ஒளி நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் அடிவானத்தில் வெளுப்பாய்த் தெரியக்கூடியது. ஜவ்வாது மலையடியிலோ வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் முதலிய ஊர்கள் ஆண்டுதோறும் விரிந்துகொண்டிருக்கின்றன.

உலகெங்கும் நிலைமை இதுவே. மனிதரில் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாதவர் என்று 2016ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. ஆயிரக்கணக்கான பொதுமக்கள் 2011 முதல் 2022 வரை வெறுங்கண்ணால் நட்சத்திரங்களைப் பார்த்தறிவித்த குறிப்புகளைத் தொகுத்து 2023இல் வெளியான மற்றொன்று, இரவுவானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து வீதம் பெருகுவதாய்க் காட்டிற்று. குறிப்பு அனுப்பியோரில் பெரும்பாலோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ளவர். இந்த வேகத்தில், 250 நட்சத்திரங்கள் தெரியும் ஓரிடத்தில் பிறந்த குழந்தை பதினெட்டு வயதில் அதே இடத்திலிருந்து நூறுதான் காணும்.

இனிச் சிற்றூரில் செய்யக்கூடியதைக் காண்போம். விளக்கு வேண்டா என்பது இங்குக் கருத்தன்று. வெளிச்சம் தரைக்கு வேண்டும், ஆகாயத்திற்கு வேண்டா என்பதே கருத்து. விளக்கின் தலை மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால் ஒளியில் ஒரு பங்கு தெருவைச் சேராமலே போய்விடும். நூறு வாட் விளக்கொன்று இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஆண்டிற்கு 438 யூனிட் மின்சாரம் செலவாகும். ஒளியில் மூன்றிலொரு பங்கு வீணே மேலும் பக்கமும் போகுமாயின் 146 யூனிட் மேகத்துக்குச் செய்த தானம். விளக்கின் முகம் தரைக்கு நேர்க்கிடையாய் இருக்கும்படி தலையைத் தாழ்த்தி, பக்கங்களில் தகர மறைப்பு இட்டால், அதனிலும் குறைந்த வாட் விளக்கே முன்னிருந்த வெளிச்சத்தைத் தெருவிற்குத் தரும். ஏணியும் ஒரு திருகுக் கருவியும் இருந்தால் ஊராட்சியின் மின் பணியாளர் ஒரு விளக்கிற்குச் சிறிது நேரத்தில் இதைச் செய்துவிடலாம். புதிதாய் வாங்கும்பொழுது 3,000 கெல்வினும் அதற்குக் கீழும் குறியிட்ட மஞ்சள் சார்ந்த விளக்கைக் கேட்டு வாங்குதல் நலம். 6,000, 6,500 என்று குறித்தவை நீலம் மிகுந்தவை.

நாற்சந்திகளில் நாட்டப்படும் உயர்கோபுர மின்விளக்கைப்பற்றித் தனியே சொல்லவேண்டும். பேருந்து நிலையத்திற்கு அது பொருந்தும். இருநூறு வீடுகளுள்ள ஊரில், வயல்களின் நடுவே, அது ஒளியைவிடப் பெருமைக்கே மிகுதியும் பயன்படுகிறது. ஏற்கெனவே இருப்பின், ஊர் அடங்கியபின் அதன் விளக்குகளில் பாதியை அணைத்து வைக்க டைமர் ஒன்று போதும். அரிசி ஆலை, கோழிப்பண்ணை, செங்கற்சூளை ஆகியவற்றின் மதில்களில் வெளிநோக்கிப் பொருத்திய வெள்ள விளக்குகளை உள்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்புவதற்கு எச்செலவும் இல்லை.

பாம்பும் திருடரும் நடமாடும் இடத்தில் வெளிச்சத்தைக் குறைக்கலாமோ என்ற ஆட்சேபம் எழும். பாம்பு நடமாடுவது தரையில், ஆகாயத்தில் அன்று. கண்ணுக்கு நேரே உறுத்தும் விளக்கு எரியும்பொழுது கண்மணி சுருங்கி, அதற்கப்பால் உள்ள வரப்பும் வாய்க்காலும் முன்னினும் கறுத்துத் தோன்றும். ஒளிந்திருப்பவனுக்கு அந்நிழலே அரண். மறைப்பிட்ட விளக்கு கண்ணை உறுத்தாமல் காலடியைக் காட்டும். கிணற்றடியிலும் மாட்டுக் கொட்டகையிலும், ஆள் வரும்பொழுது மாத்திரம் தானே எரியும் சென்சார் விளக்கு இடலாம். விடிய விடிய எரியும் விளக்கு எவரையும் எச்சரிப்பதில்லை; திடீரென எரியும் விளக்கு வீட்டாரை எழுப்பும்.

பயிருக்கும் இதில் சம்பந்தம் உண்டு. நீண்ட இருளை உணர்ந்தே பூக்கும் இயல்புள்ள பயிர்கள் பல. பருவத்துக்குக் கட்டுப்பட்ட நாட்டுச் சம்பா நெல் வகைகளும், சோயா மொச்சையும், செவ்வந்தியும் இவ்வினத்தன. செவ்வந்தி பயிரிடுவோர் சிலர் பூப்பைத் தள்ளிவைக்க வேண்டுமென்றே இரவில் விளக்கெரிப்பது இதனாலேயே. வேண்டாத விளக்கும் அதே வேலையைச் செய்யும். தெருவிளக்கின் கீழுள்ள வரப்போரப் பயிர் பச்சைபிடித்து நிற்க, ஏனைய பயிர் கதிர்விட்டு முதிர்வதைக் காணலாம். பூச்சிகளைக் கவனிக்க வயலில் வைக்கும் விளக்குப்பொறியை இதற்கு எதிரான சான்றாய்க் கொள்ளுதல் பொருந்தாது. அது முன்னிரவில், ஒரு நோக்கம் பற்றிச் சில மணி நேரம் எரிவது. விடியுமளவும் எரியும் வெள்ளை விளக்கோ பூச்சிகளைக் கணக்கெடுப்பாரின்றிக் கவர்ந்து, நன்மை செய்யும் இனங்களையும் சேர்த்து அழிக்கும். மின்மினிகளும் தம் துணையை ஒளியால் தேடுபவை. வெளிச்சமான தோப்பில் அவை குறைந்துபோவதில் வியப்பில்லை.

காவிரிக் கடைமடையிலுள்ளோர் இருளை அறியாதவரல்லர். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கரைகடந்த கஜா புயலில் மின்கம்பங்கள் சாய்ந்து, நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பல சிற்றூர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தன. அக்கார்த்திகை மாதத்து அமாவாசையில், மேகம் விலகிய இடங்களில், ஒரு தலைமுறை காணாத வானம் அவ்வூர்களின்மேல் விரிந்திருந்தது. தென்னையும் வீடும் இழந்தவர் அதை நிமிர்ந்து பார்க்கும் மனநிலையில் இருந்திரார். அத்தகைய இருளை எவரும் விரும்பார், விரும்பவும் வேண்டா. வானம் கெட்டுப்போகவில்லை, மூடப்பட்டே இருக்கிறது என்பதற்குமட்டும் அது சான்று.

துன்பமின்றி இருளைக் காத்த ஊர்களும் உண்டு. லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் வானாராய்ச்சி நிலையம் உள்ள ஹன்லே பகுதி 2022இல் இருள்வானக் காப்பிடமாய் அறிவிக்கப்பெற்றது. அதன் பரப்பு 1,073 சதுர கிலோமீட்டர். அங்குள்ள சிற்றூர் மக்கள் சன்னல்களுக்குத் தடித்த திரையிட்டும், விளக்குகளுக்கு மறைப்பிட்டும் வாழ்கின்றனர். அவர்களுள் இருபத்துநால்வர்க்குத் தொலைநோக்கிகள் வழங்கிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. வானம் காணவரும் வெளியூராருக்கு அவர்கள் நட்சத்திரங்களைக் காட்டி வருவாயும் பெறுகின்றனர்.

ஒவ்வோர் ஊரிலும் தம் வானத்தின் நிலையை அளந்தறிய எளிய வழி கார்த்திகை நட்சத்திரத்தை எண்ணுவது. ஆறுமீன் என்ற பெயர் அதற்கு வாய்த்ததே, நல்லிருளில் சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரிவதால். கார்த்திகை மாதம் மழைக்காலமாதலின் எண்ணுவதற்குத் தை அமாவாசையே தக்க நாள். அன்றிரவு எட்டு மணியளவில் கார்த்திகை உச்சிக்குச் சற்று வடக்கே, சிறு கொத்தாய் நிற்கும். அதற்குக் கிழக்கே சிவந்து தோன்றுவது ரோகிணி. தெருவிளக்கு நேரே தெரியாத இடத்தில் அரைமணி நேரம் இருந்து, கண்ணை இருளுக்குப் பழக்கிய பின்னரே எண்ணத் தொடங்கவேண்டும். ஆறும் தனித்தனியே தெரிந்தால் அவ்வூர் வானம் நன்னிலையில் உள்ளது. மூன்று அல்லது நான்கு தெரிந்தால் ஊர் விளக்குகளைச் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒன்றும் பிரிந்து தெரியாமல் மங்கிய திட்டாய் மாத்திரம் தோன்றினால் கேடு முற்றியதென்க. ஊரின் நடுவிலும், ஊர்ப்புறத்துக் களத்திலும், வயல்வெளியிலும் தனித்தனியே எண்ணி, ஆண்டும் இடமும் எண்ணிக்கையும் ஊராட்சிக் குறிப்பேட்டில் பதிந்து வரலாம். பள்ளிச் சிறுவர் நால்வரைக்கொண்டு எண்ணச் செய்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேளாதபடி தனித்தனியே குறித்துக்கொள்வது நன்று. கண்ணாடி அணிபவர் அதை அணிந்தே எண்ணவேண்டும்.